மருத்துவமனைப் படுக்கை ஒதுக்கீட்டைக் கணினியில் நடத்துவது: புதிதாகப் பொறுப்பேற்போருக்கு ஒரு வழிகாட்டி

படுக்கை ஒதுக்கும் பொறுப்பை ஏற்கும் ஒருவரிடம் முதல் நாளே கேட்கப்படும் கேள்வி, "இப்போது எத்தனை பெட் காலி?" என்பதுதான். கேள்வி எளிது, ஆனால் சேர்க்கைப் பிரிவு ஓர் எண்ணையும், வார்டில் இருக்கும் செவிலியர் வேறோர் எண்ணையும், கணினித் திரை மூன்றாவதாக ஓர் எண்ணையும் சொல்வது பல மருத்துவமனைகளில் அன்றாடம் நடப்பது. மூன்றுக்கும் காரணம் இருக்கும். காலைச் சுற்றில் மருத்துவர் டிஸ்சார்ஜ் எழுதிவிட்டார் என்பதால் சேர்க்கைப் பிரிவு அந்தப் படுக்கையைக் காலியாகக் கருதுகிறது. வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டிய மருந்து வந்து சேராததால் நோயாளி இன்னும் கட்டிலிலேயே உட்கார்ந்திருக்கிறார் என்பது செவிலியருக்குத் தெரியும். கணினியோ, முந்தைய இரவே வேறு வார்டுக்கு மாற்றப்பட்ட இன்னொருவரைப் பழைய இடத்திலேயே வைத்துக்கொண்டிருக்கிறது. கணினிவழி ஒதுக்கீட்டு முறையின் முதல் பயன் இந்த மூன்று எண்களையும் ஒன்றாக்குவதுதான். தானியங்கி ஒதுக்கீடு, முன்கணிப்பு, வண்ணத் திரைகள் எல்லாம் அதற்குப் பிறகு வருபவை. அடிப்படை சரியாக அமையாத இடத்தில் அவை தவறான எண்ணை இன்னும் வேகமாகப் பரப்புவதற்குத்தான் பயன்படும்.

நேரில் சென்று எண்ணுதல்

மென்பொருளைத் திறப்பதற்கு முன், ஒரு தாளை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வார்டுக்கும் நேரில் சென்று எண்ணி வர வேண்டும். அலுவலகப் பதிவேட்டில் இருக்கும் எண்ணிக்கையும் தரையில் இருக்கும் எண்ணிக்கையும் அபூர்வமாகவே ஒத்துப்போகும். எண்ணும்போது மூன்று தனித்தனி எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: அனுமதி பெற்ற படுக்கைகள், உண்மையில் போடப்பட்டிருக்கும் படுக்கைகள், கவனித்துக்கொள்ளச் செவிலியர் இருக்கும் படுக்கைகள். ஒதுக்கீட்டுக்கு உதவுவது மூன்றாவது எண் மட்டுமே. 30 கட்டில்கள் இருந்தும் இரவுப் பணிக்கு 24 நோயாளிகளைக் கவனிக்கும் அளவுக்கே ஆள் இருந்தால், அந்த இரவில் அந்த வார்டின் கொள்ளளவு 24தான். மற்ற ஆறையும் திரையில் பச்சையாகக் காட்டுவது அவசர சிகிச்சைப் பிரிவில் காத்திருப்பவருக்குப் பொய்யான நம்பிக்கை தருவதாகும்.

எண்ணிடும்போது கட்டிலுக்கு எண் கொடுக்காமல், கட்டில் நிற்கும் இடத்துக்கு எண் கொடுக்க வேண்டும். இது சிறிய விஷயமாகத் தோன்றினாலும் பின்னாளில் பல குழப்பங்களைத் தவிர்க்கும். நோயாளி கட்டிலோடு அறுவை அரங்குக்குத் தள்ளிச் செல்லப்படுவார், திரும்பும்போது வேறு கட்டிலில் வருவார், சக்கரம் பழுதான கட்டில் பணிமனைக்குப் போகும். ஆனால் சுவரில் இருக்கும் ஆக்சிஜன் குழாயும் சளி உறிஞ்சும் இணைப்பும் செவிலியரை அழைக்கும் மணியும் அசைவதில்லை. எனவே வார்டு, அறை, இடம் என்ற மூன்று அடுக்கில் நிரந்தரமான ஓர் அடையாளம் அமைத்து, அதையே சுவரிலும் எழுதி, கணினியிலும் பதிய வேண்டும். வார்டின் பெயர் மாறினாலும் இந்த அடையாளத்தை மாற்றக் கூடாது. மாற்றினால் பழைய பதிவுகள் எந்த இடத்தைக் குறிக்கின்றன என்பது ஓராண்டுக்குப் பின் யாருக்கும் விளங்காது.

ஒவ்வொரு இடத்துக்கும் அதன் வசதிகளையும் சேர்த்துப் பதியுங்கள்: ஆக்சிஜன், மானிட்டர், வென்டிலேட்டர் வைக்கத் தேவையான மின் இணைப்பு, தனி அறையா பொது அறையா, செவிலியர் மேசையிலிருந்து கண்ணில் படும் இடமா என்பன போன்றவை. இந்தக் கடைசி விவரத்தைப் பல பட்டியல்கள் விட்டுவிடுகின்றன; குழப்ப நிலையில் இருக்கும் முதியவரையோ, விழுந்துவிடும் அபாயம் உள்ளவரையோ எங்கே படுக்க வைப்பது என்று செவிலியர் முடிவெடுக்கும்போது அவர் முதலில் பார்ப்பது அதைத்தான். பிறந்த குழந்தைக்கான தொட்டில், டயாலிசிஸ் நாற்காலி, பகல்நேரச் சிகிச்சைப் படுக்கை, நெரிசலில் தற்காலிகமாகப் போடப்படும் கூடுதல் கட்டில் ஆகியவற்றைத் தனி வகையாகவே பதிய வேண்டும். தற்காலிகக் கட்டிலுக்குத் தொடக்க நேரமும் முடிவு நேரமும் கட்டாயம் இருக்கட்டும், ஏனெனில் முடிவு நேரம் இல்லாத தற்காலிகக் கட்டில் நிரந்தரமாகிவிடும்.

மென்பொருளைத் தேர்ந்தெடுத்தல்

பெரிய மருத்துவமனைகளில் ஏற்கெனவே இருக்கும் தகவல் முறையிலேயே படுக்கைப் பகுதி ஒன்று இருக்கும். பெரும்பாலும் அதை ஒழுங்காக இயக்கிவிட்டாலே போதும். திறந்த மூல மென்பொருளை நாடுவோருக்கு ஓப்பன்எம்ஆர்எஸ், அதன் மேல் கட்டப்பட்ட பாம்னி, ஜிஎன்யு ஹெல்த் ஆகியவற்றில் உள்நோயாளி, படுக்கை ஆகியவற்றுக்கான பகுதிகள் உள்ளன. இருபது படுக்கைகள் மட்டுமே கொண்ட சிறிய மருத்துவமனைக்கு, எல்லோர் கண்ணிலும் படும் ஒரு வெள்ளைப் பலகையும் பகிரப்பட்ட ஒரே ஒரு விரிதாளும் போதுமானவை என்பதே என் கருத்து. ஒரே பார்வையில் முழு வார்டையும் பார்க்க முடிகிற இடத்தில் கணினி சேர்ப்பது மிகக் குறைவு.

படுக்கையின் நிலைகள்

முறையின் உயிர்நாடி இதுதான் என்பதால் இங்கே நிதானமாக நேரம் செலவிட வேண்டும். ஒரு படுக்கைக்குக் காலி, நிரம்பியது என்ற இரண்டே நிலைகளை வைத்துத் தொடங்குவோர் சில வாரங்களிலேயே திணறுவார்கள். குறைந்தது ஆறு நிலைகள் தேவை: தயார், ஒதுக்கப்பட்டது, நோயாளி இருக்கிறார், துப்புரவுக்குக் காத்திருக்கிறது, துப்புரவு நடக்கிறது, மூடப்பட்டது. மருத்துவத் தகவல் பரிமாற்றத் தரமான எச்.எல்.7, அதன் புதிய வடிவமான ஃபயர் (FHIR) ஆகியவற்றிலும் இடத்தின் நிலைக்கென ஒரு பட்டியல் உண்டு. மூடியது, துப்புரவில் உள்ளது, நிரம்பியது, நிரம்பாதது, தொற்றுக்குள்ளானது, தனிமைப்படுத்தப்பட்டது என்பவை அதில் அடங்கும். உங்கள் நிலைகளுக்கு எந்தப் பெயர் வைத்தாலும், ஒவ்வொன்றும் அந்தப் பட்டியலில் எதற்கு இணை என்பதை இப்போதே எழுதி வைத்துவிட்டால் பின்னாளில் வேறு மென்பொருளோடு இணைக்கும் வேலை எளிதாகும்.

நிலைகளை வரையறுத்த பின் அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது: ஒவ்வொரு நிலையையும் மாற்றும் உரிமை யாருக்கு என்பது. வேலையைச் செய்தவரே, செய்து முடித்த இடத்திலேயே, அந்த நேரத்திலேயே மாற்ற வேண்டும் என்பதை விதியாக வையுங்கள். நோயாளி வார்டின் கதவைத் தாண்டியதும் செவிலியர் பதிகிறார்; துப்புரவுப் பணியாளர் வேலையைத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் கட்டிலருகே ஒட்டியிருக்கும் பார்கோடைக் கைப்பேசியால் வருடுகிறார்; படுக்கை தயார் என்பதைச் செவிலியர் ஒரு முறை பார்த்து உறுதி செய்கிறார். பல இடங்களில் துப்புரவுப் பணியாளருக்குக் கணினிக் கணக்கே கொடுப்பதில்லை. அதனால் அவர் மேற்பார்வையாளரிடம் சொல்லி, மேற்பார்வையாளர் தொலைபேசியில் செவிலியரிடம் சொல்லி, செவிலியர் ஊசி போட்டு முடித்துவிட்டு வந்து பதிவதற்குள் ஒரு மணி நேரம் போய்விடுகிறது. சுத்தமான படுக்கை ஒன்று யாருக்கும் தெரியாமல் காலியாகக் கிடக்கும் நேரம் அது.

ஒரு படுக்கையை அருகில் வைத்துப் பார்ப்போம். மருத்துவர் 10:15-க்கு டிஸ்சார்ஜ் எழுதுகிறார். மருந்தும் சுருக்க அறிக்கையும் வந்து, நோயாளி 12:40-க்குக் கிளம்புகிறார். துப்புரவு 13:05-க்குத் தொடங்கி 13:50-க்கு முடிகிறது. 14:00 மணிக்கு அந்த இடம் அடுத்தவருக்கு ஒதுக்கப்படுகிறது. அவர் ஸ்ட்ரெச்சரில் 14:35-க்கு வந்து சேர்கிறார். டிஸ்சார்ஜ் எழுதியதிலிருந்து மொத்தம் 4 மணி 20 நிமிடம். எல்லோரும் குறை சொல்வது துப்புரவை. ஆனால் அதற்கு ஆனது 45 நிமிடம்தான், மருந்துக்கும் அறிக்கைக்கும் காத்திருந்ததோ 2 மணி 25 நிமிடம். காலி, நிரம்பியது என்ற இரண்டு நிலைகளோடு நின்றிருந்தால் இந்த உண்மை வெளியே வந்திருக்காது.

விதிகளைக் கணினிக்குச் சொல்லுதல்

விதிகளை மீறவே கூடாதவை, காரணம் எழுதி மீறக்கூடியவை என்று இரண்டாகப் பிரிக்க வேண்டும். முதல் வகை மிகக் குறைவாக இருக்கட்டும். ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் இருவர் இருக்க முடியாது, மூடப்பட்ட இடத்தில் யாரையும் சேர்க்க முடியாது, காற்றில் பரவும் தொற்று உள்ளவரைப் பொது அறையில் வைக்க முடியாது என்பவை அதில் அடங்கும். பாலினம், வயது, சிறப்புப் பிரிவு போன்றவற்றை இரண்டாம் வகையில் வைத்து, மீறும்போது காரணத்தைக் கட்டாயமாகக் கேட்பது நல்லது. எல்லாவற்றையும் முதல் வகையில் அடைத்தால், நள்ளிரவில் ஓர் உயிரைக் காக்க வேண்டியிருக்கும் செவிலியர் வேறு வழியின்றி நோயாளியைப் பொய்யான ஓர் இடத்தில் பதிந்துவிட்டு வேலையைப் பார்க்கப் போவார். அந்தப் பொய் மறுநாள் மருந்து வழங்கும் வரை நீளும்.

தொற்றுத் தடுப்பு விதிகளில் நுணுக்கம் அதிகம். காசநோய், தட்டம்மை, சின்னம்மை போன்றவை காற்றில் பரவுபவை. இந்த நோய்கள் உள்ளவர்களுக்கு உள்ளிருக்கும் காற்று வெளியே கசியாதபடி அழுத்தம் குறைத்து வைக்கப்பட்ட அறை வேண்டும். எதிர்ப்பு ஆற்றல் மிகவும் குறைந்தவர்களுக்குத் தேவையானது இதற்கு நேர் எதிரான அமைப்பு. ஆகவே 'தனி அறை' என்ற ஒரே குறிப்பு போதாது. காற்றில் பரவும் தொற்று உள்ளவர் வெளியேறிய பின் அறைக் காற்று தூய்மையாகவும் நேரம் பிடிக்கும்: மணிக்கு 12 முறை காற்று மாறும் அறையில் கிருமித் துகள்களில் 99 விழுக்காடு நீங்கச் சுமார் 23 நிமிடமும், 99.9 விழுக்காடு நீங்கச் சுமார் 35 நிமிடமும் ஆகும். மணிக்கு 6 முறை மட்டுமே மாறினால் இது இரு மடங்காகும். மென்பொருளில் அந்த அறைகளுக்கு மட்டும் இந்த இடைவெளியைத் தானாகச் சேர்த்துவிடலாம். கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற குடல் தொற்றுக் கிருமியின் வித்துகள், அதாவது அது உருவாக்கும் கடின உறை கொண்ட உறங்குநிலை வடிவங்கள், ஆல்கஹாலுக்கு அழியாதவை. அவற்றுக்குக் குளோரின் சார்ந்த கரைசல் போன்ற வித்தழிப்பான் தேவை. எனவே படுக்கை துப்புரவு நிலைக்குப் போகும்போதே எந்த வகைத் துப்புரவு என்பதும் பணியாளரின் திரைக்குச் செல்ல வேண்டும். நோயின் பெயர் அங்கே வேண்டியதில்லை. துப்புரவின் வகையும் பாதுகாப்பு உடையும் தெரிந்தால் போதும்.

மற்ற முறைகளோடு இணைத்தல்

சேர்க்கை, ஆய்வகம், மருந்தகம், உணவு ஆகிய பிரிவுகள் எல்லாம் நோயாளி எங்கே இருக்கிறார் என்பதைப் படுக்கைப் பதிவிலிருந்தே அறிந்துகொள்கின்றன. எச்.எல்.7 இரண்டாம் பதிப்பில் சேர்க்கைக்கு ஏ01, இடமாற்றத்துக்கு ஏ02, டிஸ்சார்ஜுக்கு ஏ03 என்று செய்தி வகைகள் உள்ளன. படுக்கையின் நிலையை மட்டும் தெரிவிக்க ஏ20 உண்டு. புதியவர்கள் பெரும்பாலும் இந்த நான்கோடு நிறுத்திவிடுகிறார்கள். ரத்து செய்திகளையும், அதாவது சேர்க்கை ரத்துக்கான ஏ11, இடமாற்ற ரத்துக்கான ஏ12, டிஸ்சார்ஜ் ரத்துக்கான ஏ13 ஆகியவற்றையும், கட்டாயம் சோதித்துப் பாருங்கள். கிளம்பும் நேரத்தில் காய்ச்சல் ஏறியதால் நோயாளி தங்க நேர்வது அரிதன்று. அப்போது டிஸ்சார்ஜ் ரத்து வேலை செய்யாவிட்டால், ஆள் உள்ள படுக்கைக்கு இன்னொருவரை அனுப்பிவிடும் நிலை வரும்.

ஒரே நொடியில் இரண்டு பேர் ஒரே படுக்கையை ஒதுக்க முயன்றால் என்ன நடக்கிறது என்பதையும் இரண்டு கணினிகளை அருகருகே வைத்துப் பாருங்கள். இந்தத் தடை திரையளவில் இருந்தால் போதாது; தரவுத்தளத்திலேயே இருக்க வேண்டும். நிகழ்ந்த நேரமும் பதிவு செய்த நேரமும் இரண்டு தனிப் புலங்களாக, அதாவது பதிவில் தனித்தனிக் கட்டங்களாக, இருப்பதும் அவசியம். ஒரே புலம் இருந்தால், தாமதமாகப் பதிந்தவரெல்லாம் அப்போதுதான் வேலையைச் செய்ததாகக் கணக்கு காட்டும்.

அன்றாட ஓட்டம்

காலையில் எல்லா வார்டுகளின் பொறுப்புச் செவிலியர்களும் திரையைப் பார்த்தபடி பத்து நிமிடம் பேசிக்கொள்வதோடு நாளைத் தொடங்குவது நல்லது. அந்தப் பேச்சுக்கு அடிப்படையாக இருப்பது, ஒவ்வொரு நோயாளிக்கும் சேர்க்கையின்போதே பதியப்பட்டு அன்றாடம் திருத்தப்படும் எதிர்பார்க்கப்படும் டிஸ்சார்ஜ் தேதி. அவசர சிகிச்சைப் பிரிவிலிருந்து வரும் தேவை நண்பகல் முதலே ஏறத் தொடங்கும். டிஸ்சார்ஜ்களோ மாலையில் குவியும். இந்த இடைவெளியில்தான் நெரிசல் பிறக்கிறது. நாளை கிளம்பவிருப்பவர்களின் பட்டியலை இன்றே மருந்தகத்துக்கும் அறிக்கை எழுதும் மருத்துவருக்கும் அனுப்பிவிடும் வசதி உங்கள் மென்பொருளில் இருந்தால், மற்ற எதையும்விட அதை முதலில் இயக்குங்கள்.

படுக்கை கேட்கும் கோரிக்கைகள் எல்லாம் ஒரே வரிசையில் வர வேண்டும். தொலைபேசியில் வந்த கோரிக்கையையும் பதிந்த பிறகே ஒதுக்க வேண்டும். வரிசையின் முன்னுரிமையை நோயின் தீவிரமும் காத்திருந்த நேரமும் சேர்ந்து தீர்மானிக்கட்டும், இறுதி முடிவு மனிதரிடமே இருக்கட்டும். ஒதுக்கிய பின் நோயாளி வராமலேயே இருக்கும் படுக்கைக்கு ஒரு காலக்கெடு வையுங்கள். கெடு தாண்டியதும் கணினி தானாகவே ஒதுக்கீட்டை நீக்குவதை நான் பரிந்துரைப்பதில்லை, ஏனெனில் நோயாளி அப்போது லிஃப்டில் வந்துகொண்டிருக்கலாம். எச்சரிக்கை காட்டி, ஒருவர் தொலைபேசியில் விசாரித்த பின் நீக்குவதே பாதுகாப்பானது. திரையில் நிறத்தோடு நிலையின் பெயரையும் எழுத்தில் காட்டுங்கள். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவர்கள் ஊழியர்களிலும் இருப்பார்கள். தாழ்வாரத்தில் பொதுமக்கள் பார்க்கும்படி வைக்கும் திரையில் பெயரோ நோய் விவரமோ வரக் கூடாது.

எண்களைப் படித்தல்

ஒரு மாதம் ஓடிய பின் அறிக்கைகள் பொருளுள்ளவையாகும். 30 படுக்கைகள் கொண்ட வார்டுக்கு 30 நாளில் 900 படுக்கை நாட்கள். அவற்றில் 765 நிரம்பியிருந்தால் நிரம்பல் விகிதம் 85 விழுக்காடு. அந்த மாதம் 153 பேர் டிஸ்சார்ஜ் ஆகியிருந்தால் சராசரித் தங்கல் 5 நாள். மீதமுள்ள 135 படுக்கை நாட்களை 153-ஆல் வகுத்தால், ஒருவர் போய் அடுத்தவர் வருவதற்குள் படுக்கை சராசரியாக 21 மணி நேரம் காலியாக இருந்தது தெரியும். துப்புரவுக்கு ஒரு மணி நேரம் போனால் மற்ற 20 மணி நேரம் எங்கே போனது என்பதே நிர்வாகக் கூட்டத்தில் கேட்க வேண்டிய கேள்வி. அதில் ஒரு பகுதி நியாயமான இருப்பு என்பதையும் மறக்க வேண்டாம்.

இந்த இருப்பு ஏன் வேண்டும் என்பதற்கு வலுவான ஆதாரம் உண்டு. அவசரச் சேர்க்கைகளை உருவகப்படுத்தி 1999-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஆய்வு, சராசரி நிரம்பல் 85 விழுக்காட்டைத் தாண்டும்போது இடமில்லாமல் போகும் அபாயம் கண்ணுக்குத் தெரியத் தொடங்குவதாகவும், 90-ஐத் தாண்டினால் நெருக்கடி அடிக்கடி வருவதாகவும் காட்டியது. ஆனால் 85 என்பதை எல்லா வார்டுகளுக்கும் பொருந்தும் மந்திர எண்ணாகக் கொள்ளக் கூடாது. தொலைபேசி இணைப்பகங்களில் எத்தனை அழைப்புகளுக்கு இணைப்பு கிடைக்காமல் போகும் என்பதைக் கணக்கிட டென்மார்க் கணிதவியலாளர் எர்லாங் 1917-இல் வெளியிட்ட சூத்திரத்தைப் படுக்கைகளுக்குப் பொருத்திப் பார்த்தால் காரணம் புரியும். ஒரே நேரத்தில் சராசரியாக 8 பேருக்கான தேவை இருக்கும் 10 படுக்கை வார்டில், வருவோரில் சுமார் 12 விழுக்காட்டினருக்கு இடம் கிடைக்காது. அதே விகிதத்தில் 32 பேருக்கான தேவை வரும் 40 படுக்கைத் தொகுதியிலோ இது 3 விழுக்காட்டுக்கும் குறைவு. வார்டுகளைச் சிறு சிறு பிரிவுகளாகப் பூட்டி வைப்பதற்குக் கொடுக்கும் விலை இது. படுக்கைகளைப் பொதுவாகப் பகிரக் கணினி முறை கைகொடுப்பதும் இங்கேதான்.

திட்டமிடலுக்கு இன்னொரு கணக்கும் உதவும். நாளொன்றுக்கான சராசரிச் சேர்க்கையைச் சராசரித் தங்கல் நாட்களால் பெருக்கினால், சராசரியாக நிரம்பியிருக்கும் படுக்கைகளின் எண்ணிக்கை கிடைக்கும். ஜான் லிட்டில் 1961-இல் நிறுவிய விதி இது. நாளுக்கு 12 பேர் சேர்ந்து 5 நாள் தங்கினால் 60 படுக்கைகள். தங்கலை நாலரை நாளாகக் குறைத்தால் 54. நள்ளிரவுக் கணக்கெடுப்பை மட்டும் நம்பும் அறிக்கைகளிடம் எச்சரிக்கையாக இருங்கள், ஏனெனில் நண்பகலில் கிளம்பாதவரும் புதிதாக வந்தவரும் ஒரே நேரத்தில் இருக்கும் உச்ச நிலை அவற்றில் மறைந்துவிடும்.

கணினி நின்றுபோனால்

அரை மணிக்கு ஒரு முறை எல்லா வார்டுகளின் படுக்கைப் பட்டியலும் அச்சிடத் தயாரான வடிவில் ஒவ்வொரு வார்டிலும் உள்ள ஒரு கணினியில் தானாகச் சேமிக்கப்பட வேண்டும். அந்தக் கணினிக்கும் பிரின்டருக்கும் மின்சாரம் போனாலும் இயங்கும் யூபிஎஸ் இணைப்பு வேண்டும். சர்வர் நின்றதும் கடைசிப் பட்டியலை அச்சிட்டு, அந்த நொடி முதல் ஒதுக்கும் அதிகாரம் முழுவதையும் ஒரே நபரிடம் ஒப்படைத்துவிடுங்கள். அவர் ஒவ்வொரு மாற்றத்தையும் நேரத்தோடு தாளில் எழுதிக்கொள்வார்.

சர்வர் மீண்டதும் உடனே புதிய ஒதுக்கீடுகளைத் தொடங்கக் கூடாது. முதலில் தாளில் உள்ளவற்றை நிகழ்ந்த வரிசைப்படி, நிகழ்ந்த நேரத்தையே இட்டு, கணினியில் ஏற்ற வேண்டும். பிறகு ஒவ்வொரு வார்டிலும் ஒரு செவிலியர் பட்டியலுடன் கட்டில் கட்டிலாக நடந்து, கைப்பட்டையில் உள்ள பெயரையும் எண்ணையும் சரிபார்த்துக் கையொப்பமிட வேண்டும். எல்லா வார்டுகளின் ஒப்புதலும் வந்து சேர்ந்த நேரத்தைக் குறித்துக்கொண்ட பிறகே கணினியில் ஒதுக்கீட்டைத் திறந்துவிட வேண்டும். அதுவரை செல்லுபடியாவது தாளில் உள்ள பட்டியலே.